கிராபிக்ஸ் கார்டு கொதிக்குதா? புது கூலர் வாங்கும் முன் சோமனூர் பஞ்சைக் கொஞ்சம் பாருங்க!

மே மாதம், மதியம் 2 மணி. சோமனூர் பக்கம் ஒரு வீடு. முன்னால் தறிக்கூடம், பின்னால் குடியிருப்பு. உள்ளறையில் ஓர் இளைஞர் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்காக விளம்பர வீடியோ ரெண்டர் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். போன தீபாவளி சமயத்தில் 40 நிமிடத்தில் முடிந்த அதே மாதிரியான வேலை, இன்று ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் ஓடுகிறது. கேபினட் மேல் கை வைத்தால் சுடுகிறது. கிராபிக்ஸ் கார்டு ஃபேன் முழு வேகத்தில் அலறுகிறது.

"ஏங்கண்ணு, தறியை விட உன் பெட்டி பெருசா இரையுது?" என்று எட்டிப் பார்க்கிறார் அப்பா.

"கார்டு சூடாகுதுங்ப்பா. புதுசா ஒரு கூலர் வாங்கி மாட்டணும்."

"எவ்வளவு ஆகும்?"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் விசைத்தறி ஓடும் ஊர்களில் கம்ப்யூட்டர் வைத்து எடிட்டிங், டிசைனிங், கேமிங் என்று இருப்பவர்களுக்கு இந்தச் சூடும் அந்தக் கேள்வியும் பழகியவைதான். கார்டோடு வரும் கூலரைக் கழற்றிவிட்டு, தனியாக விற்கும் கூலரை மாட்டுவதைத்தான் 'ஆஃப்டர்மார்க்கெட் கூலர்' என்கிறார்கள். அது எப்போது தேவை, எப்போது தண்டச்செலவு, தேவை என்றால் எதைப் பார்த்து வாங்குவது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

கிராபிக்ஸ் கார்டு இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் அளவு 170 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115 வாட். ஆர்டிஎக்ஸ் 4090 என்றால் 450 வாட். அதாவது ஒரு சின்ன அயர்ன் பாக்ஸ் அளவுக்கு அறைக்குள் சூட்டைக் கொட்டும்.

கூலரின் வேலை இந்தச் சூட்டை இல்லாமல் ஆக்குவது அல்ல. சிப்பில் இருந்து எடுத்து அறைக் காற்றில் விடுவது மட்டும்தான். அதனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், காற்றில் இயங்கும் எந்தக் கூலராலும் அறை வெப்பநிலைக்குக் கீழே கார்டைக் குளிர்விக்க முடியாது.

ஒரு 170 வாட் கார்டு, ஏசி போட்ட 25 டிகிரி அறையில் 75 டிகிரியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறையைவிட 50 டிகிரி அதிகம். யூடியூப் ரிவ்யூவில் காட்டுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட அறை எண்ணைத்தான். அதே கார்டை, அதே கூலரோடு, 37 டிகிரி வெயிலடிக்கும் சோமனூர் அறைக்குக் கொண்டுவந்தால்? 37 கூட்டல் 50. கார்டு 87 டிகிரியில் நிற்கும்.

ஆர்டிஎக்ஸ் 3060-க்கு என்விடியா சொல்லும் உச்சவரம்பு 93 டிகிரி. ஆனால் அது வரை கார்டு காத்திருக்காது. பொதுவாக 83 டிகிரி வாக்கிலேயே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்க ஆரம்பித்துவிடும். ரெண்டர் நேரம் கூடியதற்கு இதுவே முதல் காரணமாக இருக்கலாம். கார்டு பழுதாகவில்லை, மெதுவாக ஓடித் தப்பிக்கிறது.

கார்டு மெதுவாகாமல் திடீரென்று ஸ்கிரீன் கறுத்து கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், சூட்டை மட்டும் சந்தேகப்படக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பலவீனமாக இருந்தாலும் அப்படி ஆகும். அந்தக் கோளாறுக்குக் கூலர் வாங்கினால் காசுதான் போகும்.

சோமனூரில் மட்டும் என்ன விசேஷம்?

பஞ்சு! கோவை, திருப்பூர் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சோமனூர் வட்டாரம், கூலிக்கு காடா துணி நெய்யும் விசைத்தறிகளின் ஊர். விசைத்தறிக் கூலி ஒப்பந்தங்களில் 'சோமனூர் ரகம்' என்று தனியாகவே பேசப்படும் அளவுக்கு இங்கே அந்தத் தொழில் ஊறியது. தறி ஓடும்போது பாவு நூல் உரசி உரசிப் பஞ்சு இழைகள் காற்றில் பறக்கும். நூலுக்குப் போட்ட கஞ்சியும் மாவுத் தூளாக உதிரும்.

சாதாரண ஊர்த் தூசிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மண் தூசி பொடிப்பொடியானது. கூலரின் உலோகத் தகடுகளுக்கு நடுவே புகுந்து, பாதி வெளியேயும் போய்விடும். பஞ்சு இழை அப்படியல்ல. தகடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி பெரும்பாலும் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இழையின் நீளம் அதைவிட அதிகம். அதனால் இரண்டு தகடுகளுக்குக் குறுக்கே பாலம் போட்டதுபோலப் படுத்துக்கொள்ளும். முதல் இழை மாட்டினால் போதும், அடுத்தடுத்து வருவதெல்லாம் அதன்மேல் சிக்கி, சில மாதங்களில் ஒரு மெல்லிய மெத்தையே உருவாகிவிடும்.

அதற்கப்புறம் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று உள்ளே போகாது. செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன், அசையாமல் நிற்கும் காற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். பஞ்சு மெத்தை என்பது அசையாத காற்றைப் பிடித்து வைத்திருக்கும் போர்வை. குளிருக்கு நாம் எதைப் போர்த்துகிறோமோ அதையே கார்டுக்கும் போர்த்திவிட்டோம் என்று அர்த்தம்.

பருத்திக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமும் உண்டு. மழைக்காலத்தில் ஈரமும் கஞ்சித் தூளும் சேர்ந்தால், அந்த மெத்தை பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். 'கோடையில் குளிர்ச்சியாக இருக்கட்டும்' என்று தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரை கேபினட்டைப் பார்த்துத் திருப்பி வைப்பவர்கள் இதைக் கவனிக்கணும். அந்த ஈரக்காற்று கார்டுக்கு நல்லதல்ல.

ஆக, கூலர் வாங்கும்போது உலகம் கேட்கும் கேள்வி 'எது அதிகம் குளிர்விக்கும், எது சத்தம் குறைவு?' என்பது. தறி ஓடும் வீட்டில் சத்தம் ஒரு விஷயமே இல்லை. விசைத்தறிக்கூடத்தின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். அங்கே கூலர் சத்தம் யார் காதில் விழப் போகிறது? இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'எதை மாதம் ஒருமுறை சுலபமாகச் சுத்தம் செய்ய முடியும்?'

காசு செலவழிக்கும் முன் மூன்று சோதனைகள்

சோதனை 1: எண்களைப் பாருங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரை ஓடவிட்டு, 15 நிமிடம் கனமான வேலை கொடுங்கள். கார்டின் பொது வெப்பநிலை, 'ஹாட் ஸ்பாட்' எனப்படும் சிப்பின் மிகச் சூடான புள்ளி, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பல கார்டுகளில் இரண்டுக்கும் வித்தியாசம் 10 முதல் 15 டிகிரி வரை இருப்பது இயல்பு. 25 டிகிரியைத் தாண்டினால், சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதாகவோ ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டதாகவோ சந்தேகப்படலாம்.

சோதனை 2: பக்கக் கதவைத் திறங்கள். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே வேலையைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். வெப்பநிலை 5, 6 டிகிரிக்கு மேல் சட்டென்று இறங்கினால், குற்றவாளி கார்டின் கூலர் இல்லை. கேபினட்டுக்குள் காற்றோட்டம் இல்லை. புது கூலர் மாட்டினாலும் அது அதே சூடான காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். இது சோதனைக்கு மட்டும்தான். தறி வீட்டில் கேபினட்டை நிரந்தரமாகத் திறந்து போட்டால் பஞ்சுக்கு அழைப்பு வைத்த மாதிரி.

சோதனை 3: டார்ச் அடியுங்கள். கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள். உலோகத் தகடு பளபளவென்று தெரிந்தால் பரவாயில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தெரிந்தால், காரணம் கிடைத்துவிட்டது.

செலவில்லாத வைத்தியம் முதலில்

சுத்தம் செய்வதில் இரண்டு தவறுகள் சகஜம். ஒன்று, வண்டிக்கு ஏர் பிடிக்கும் கடையில் கொண்டுபோய் கம்ப்ரஸரில் அடிப்பது. அந்த அழுத்தம் அதிகம். டேங்கில் தேங்கிய தண்ணீரும் காற்றோடு சேர்ந்து பீய்ச்சும். இரண்டு, ஃபேனைப் பிடிக்காமல் புளோயர் அடிப்பது. ஃபேன் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் கெட்டுப்போகும். விரலால் ஃபேனைப் பிடித்துக்கொண்டு, வீட்டு புளோயரையோ மென்மையான பெயின்ட் பிரஷ்ஷையோ பயன்படுத்தினால் போதும். பஞ்சு மெத்தையை ஊதி உள்ளே தள்ளாமல், டிவீசர் எனும் சின்ன இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் துண்டாக உரிந்து வந்துவிடும். முகத்தில் மாஸ்க் கட்டாயம். பஞ்சுத் தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் 'பிஸினோசிஸ்' என்ற நோய் வரும் என்பது மில் ஊர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

அடுத்தது, பவர் லிமிட். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச சாஃப்ட்வேரில் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதமாகக் குறைக்கலாம். மேலே போட்ட கணக்கையே மறுபடி போடுங்கள். 170 வாட் 136 வாட் ஆகிறது. அறையைவிட 50 டிகிரி அதிகம் இருந்தது, ஃபேன் வேகம் மாறாமல் இருந்தால் 40 டிகிரிக்கு வரும். 37 டிகிரி அறையில் கார்டு 87-க்குப் பதில் சுமார் 77-ல் நிற்கும். பத்து டிகிரி குறைப்பு, பத்து பைசா செலவில்லாமல்!

'வேகம் 20 சதவீதம் போயிடுமே?' என்று தோன்றலாம். அப்படி ஆவதில்லை. கடைசிச் சில சதவீத வேகத்துக்காகத்தான் கார்டுகள் நிறைய மின்சாரத்தை விழுங்குகின்றன. அதனால் மின்சாரம் குறையும் அளவுக்கு வேகம் குறையாது. ஏற்கெனவே சூட்டில் தடுமாறி மெதுவான கார்டு என்றால், லிமிட் வைத்த பிறகு முன்பைவிடச் சீராக ஓடவும் வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, தெர்மல் பேஸ்ட். சில நூறு ரூபாய்தான். பழைய பேஸ்ட்டை மொபைல் சர்வீஸ் கடைகளில் பயன்படுத்தும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டுப் புதிது தடவ வேண்டும். கைப்பழக்கம் இல்லை என்றால் நல்ல சர்வீஸ் கடையில் கொடுத்துவிடலாம். ஹனிவெல் பிடிஎம்7950 போன்ற மெல்லிய ஷீட்களும் கிடைக்கின்றன. இவை 45 டிகிரி வாக்கில் இளகி சிப்பின் மேல் படியும். பேஸ்ட் மாதிரி ஓரத்துக்கு ஒதுங்கும் தொல்லை இவற்றில் குறைவு.

இவ்வளவும் செய்த பிறகும் கார்டு கொதிக்கிறதா? அல்லது பழைய ஃபேன் பேரிங் போய், கரகரவென்று நிற்கிறதா? அப்போதுதான் கூலர் கேள்விக்கே வரணும்.

என்னென்ன வகை இருக்கிறது?

ஒரு காலத்தில் கார்டு வாங்கியதும் கூலர் மாற்றுவது வழக்கமாகவே இருந்தது. 2013-ல் வந்த ஏஎம்டி ஆர்9 290எக்ஸ் கார்டு, கம்பெனி கூலரோடு 95 டிகிரியில் இரைச்சலாக ஓடியது ஊரறிந்த கதை. அந்தக் காலத்தில் தனிக் கூலர்களுக்கு நல்ல மவுசு. இப்போது கார்டு கம்பெனிகளே இரண்டு, மூன்று ஃபேன் வைத்த பெரிய கூலரோடு விற்பதால், தனிக் கூலர் சந்தை சுருங்கிவிட்டது. இன்று கையில் இருக்கும் வழிகள் நான்கு.

1. அசல் ஃபேனையே புதிதாக மாற்றுவது. ஹீட்சிங்க் நன்றாக இருந்து ஃபேன் மட்டும் கெட்டிருந்தால் இதுவே மலிவு. ஃபேனின் நடுவில் அல்லது பின்புறம் ஸ்டிக்கரில் பவர்லாஜிக், எவர்ஃப்ளோ போன்ற தயாரிப்பாளர் பெயரும் பார்ட் நம்பரும் இருக்கும். கார்டின் பெயரைச் சொல்லித் தேடுவதைவிட அந்த நம்பரைச் சொல்லித் தேடுவதே சரி. திருகுத் துளைகளின் இடைவெளி, இறக்கையின் விட்டம், கனெக்டரில் எத்தனை பின் என்ற மூன்றும் பொருந்தணும்.

2. மூடியைக் கழற்றிவிட்டு கேபினட் ஃபேன் கட்டுவது. கேமர்கள் இதை 'டீஷ்ரவுட்' என்பார்கள். கார்டின் பிளாஸ்டிக் மூடியையும் சின்ன ஃபேன்களையும் எடுத்துவிட்டு, அசல் ஹீட்சிங்க் மேலேயே இரண்டு 120 மி.மீ. ஃபேன்களைக் கேபிள் டையால் கட்டுவது. 92 மி.மீ. ஃபேனோடு ஒப்பிட்டால் 120 மி.மீ. ஃபேனின் பரப்பு சுமார் 1.7 மடங்கு. அதனால் மெதுவாகச் சுற்றியே அதிகக் காற்றைத் தள்ளும். 2021-ல் ஆசஸ் நிறுவனம் நாக்டுவாவோடு சேர்ந்து ஆர்டிஎக்ஸ் 3070 கார்டு ஒன்றை வெளியிட்டது. அதில் இருந்தவையும் கேபினட்டில் போடும் அதே மாதிரி 120 மி.மீ. ஃபேன்கள்தான். பெரிய ஹீட்சிங்க்கும் சேர்ந்து நாலு ஸ்லாட்டுக்கு மேல் இடம் பிடித்தது அந்தக் கார்டு.

3. முழுக் காற்றுக் கூலர். ஹீட்சிங்க்கோடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்றுவது. ஆர்க்டிக் ஆக்ஸெலெரோ எக்ஸ்ட்ரீம் வரிசை மூன்று 92 மி.மீ. ஃபேன்களோடு வந்தது. ராஜின்டெக் மார்ஃபியஸ் வகையில் 12 ஹீட்பைப், 129 தகடுகள். ஃபேனை நாமே தனியாக வாங்கி மாட்டணும். இவை பெரும்பாலும் பழைய தலைமுறை கார்டுகளுக்காகச் செய்யப்பட்டவை. பழைய சரக்காகக் கண்ணில் பட்டால், உங்கள் கார்டுக்குப் பொருந்துமா என்று பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

4. தண்ணீர் கூலர். என்இசட்எக்ஸ்டி கிராக்கன் ஜி12 போன்ற பிராக்கெட்டை வைத்து சிபியு-வுக்கான வாட்டர் கூலரைக் கார்டில் பொருத்தலாம். அல்லது கார்டு முழுவதையும் மூடும் வாட்டர் பிளாக் போடலாம். சிப்பை அருமையாகக் குளிர்விக்கும். ஆனால் அந்தச் சூடும் கடைசியில் ரேடியேட்டர் வழியாகக் காற்றில்தான் போகணும். ரேடியேட்டரிலும் நெருக்கமான தகடுகள்தான், அதையும் பஞ்சு அடைக்கும். பம்ப் என்று கெட்டுப்போக இன்னொரு பாகமும் சேர்கிறது.

வாங்கும் முன் ஸ்கேலை எடுங்கள்

முழுக் கூலர் வாங்குபவர்கள் தவறுவது பெரும்பாலும் அளவில்தான். ஒரே பெயரில் ஐந்து கம்பெனி கார்டு விற்றாலும், உள்ளே இருக்கும் போர்டு ஒரே மாதிரி இருக்காது. அதனால் 'ஆர்டிஎக்ஸ் 3060-க்குப் பொருந்துமா?' என்று கேட்டால் போதாது. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பதுவரை சொல்லணும்.

சிப்பைச் சுற்றியுள்ள நான்கு திருகுத் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, கூலர் கம்பெனி தரும் அளவோடு ஒப்பிடுங்கள். கேபினட்டுக்குள் நீளம், தடிமன் இரண்டுக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண கேபினட் ஃபேனே 25 மி.மீ. தடிமன். ஹீட்சிங்க்கோடு சேர்ந்தால் மூன்று ஸ்லாட்டைத் தாண்டிவிடும். இடம் இல்லை என்றால் 15 மி.மீ. தடிமனில் ஒல்லி ஃபேன்களும் உண்டு.

அடுத்தது, சிப் மட்டும் குளிர்ந்தால் போதாது. அதைச் சுற்றியுள்ள மெமரி சிப்களும், மின்சாரத்தைப் பதப்படுத்தித் தரும் விஆர்எம் பாகங்களும் சூடாகும். அசல் கூலர் இவற்றையும் தெர்மல் பேட் வழியாகத் தொட்டுக்கொண்டிருக்கும். தனிக் கூலர் பலவற்றில் இவற்றுக்குக் குட்டிக் குட்டி ஹீட்சிங்க்குகளை நாமே ஒட்டணும். ஒட்டியது கழன்று விழுந்தால் ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3090 கார்டில் மெமரி சிப்களில் பாதி போர்டின் பின்பக்கம் இருக்கின்றன. முன்பக்கம் மட்டும் கூலர் மாட்டினால் அவை அப்படியே வேகும். அந்தக் கார்டில் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துவிடும். 'சிப் 60 டிகிரிதான் காட்டுது, ஆனா ஸ்லோவா ஓடுது' என்பவர்கள் மெமரி வெப்பநிலையைப் பார்க்கணும்.

தெர்மல் பேட் மாற்றினால் தடிமனில் கவனம் வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினால்கூட, பேட் மெமரியைத் தொட்டு, ஹீட்சிங்க் சிப்பைத் தொடாமல் தூக்கி நிற்கும். சூடு குறைவதற்குப் பதில் எகிறிவிடும்.

ஃபேன் இணைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. கார்டில் இருப்பது குட்டி 4 பின் சாக்கெட். கேபினட் ஃபேனில் இருப்பது பெரியது. நடுவே அடாப்டர் கேபிள் தேவை. அது இல்லாமல் மதர்போர்டில் சொருகினால், பொதுவாக ஃபேன் சிபியு சூட்டைப் பார்த்து வேகம் மாறுமே தவிர கார்டின் சூட்டைப் பார்த்து மாறாது. இதற்காகத் தனி சாஃப்ட்வேரில் செட்டிங் மாற்ற வேண்டியிருக்கும்.

கடைசியாக வாரண்டி. இந்தியாவில் புதுக் கார்டுகளுக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு வாரண்டி தருகிறார்கள். திருகின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போகுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடைக்காரர் வாயால் 'ஒண்ணும் ஆகாதுங்க' என்று சொல்வதை நம்பாமல், கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு மெயில் போட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வாரண்டி இருக்கும் கார்டு சுத்தமாக இருந்தும் கொதித்தால், கழற்றாமல் அவர்களிடமே கொடுப்பதுதான் லாபம்.

அப்போ, தறி வீட்டுக்கு எது சரி?

ஏசி அறையில் உட்கார்ந்து விளையாடுபவருக்கும், தறிக்கூடத்துக்கு அடுத்த அறையில் வேலை செய்பவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது. பின்னவருக்கு இரண்டாவது வழியே பொருத்தம். வாரண்டி முடிந்த கார்டு என்றால் மூடியைக் கழற்றிவிட்டு இரண்டு 120 மி.மீ. ஃபேன். காரணம், சுத்தம் செய்வது சுலபம். நாலு கேபிள் டையை வெட்டினால் ஃபேன் கையோடு வந்துவிடும், தகடுகள் கண்ணுக்கு முன்னால் தெரியும். ஹீட்சிங்க்கைத் தொடவே தேவையில்லை. அதனால் பேஸ்ட்டும் பேடும் அப்படியே இருக்கும். ஃபேன் கெட்டாலும் கோவையில் எந்தப் பெரிய கம்ப்யூட்டர் கடையிலும் அதே அளவு கிடைக்கும். பார்ட் நம்பர் தேடி அலைய வேண்டாம்.

ஆனால் அதைவிட முக்கியமானது, பஞ்சைக் கார்டு வரை வரவிடாமல் தடுப்பது. இதற்கான பாடம் கோவையின் ஸ்பின்னிங் மில்களிலேயே இருக்கிறது. அங்கே மெஷின்களுக்கு மேலே தண்டவாளம் போட்டு, குழாய் தொங்கும் கிளீனர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பறக்கும் பஞ்சை ஊதி, உறிஞ்சி எடுக்கும். ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் பெரிய சுழலும் ஃபில்டர்கள் காற்றை வடிகட்டித் திருப்பி அனுப்பும். பஞ்சு பறக்கத்தான் செய்யும், அதைக் கைக்கு எட்டும் இடத்தில் பிடித்துவிடு என்பதுதான் அந்த ஏற்பாட்டின் தத்துவம்.

கேபினட்டிலும் அதையே செய்யலாம். முன்பக்கம் காற்றை உள்ளிழுக்கும் ஃபேன்களுக்கு முன்னால் கழற்றி மாட்டும் மெல்லிய நைலான் வலை ஃபில்டர் வையுங்கள். உள்ளே தள்ளும் காற்று, வெளியேற்றும் காற்றைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும்படி ஃபேன்களை அமையுங்கள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்பது எளிய வழி. அப்போது கேபினட் இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் கசியும், வடிகட்டாத பஞ்சு உள்ளே நுழையாது. வலை வைத்தால் காற்றுக்குத் தடை கூடும் என்பதால், ஆர்க்டிக் பி12, நாக்டுவா என்எஃப்-ஏ12எக்ஸ்25 போல அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும் ஃபேன்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மண் தூசியை வலையில் இருந்து கழுவித்தான் எடுக்கணும். பஞ்சு அப்படியல்ல. தகடுகளுக்கு நடுவே தொல்லையாக இருந்த அதே மெத்தை குணம், வலையில் வரமாகிவிடும். விரலால் ஓரத்தைப் பிடித்து உரித்தால் துணி மாதிரி முழுசாக வந்துவிடும். வாரம் ஒருமுறை, இரண்டு நிமிட வேலை.

கேபினட்டைத் தரையில் வைக்காமல் மேசை மேல் ஏற்றுங்கள். தறிக்கூடத்தைப் பார்த்திருக்கும் ஜன்னலுக்கு எதிரே காற்றிழுக்கும் பக்கத்தைத் திருப்பாதீர்கள். ஜன்னலை மாற்ற முடியாது, கேபினட்டைத் திருப்ப முடியும்.

இப்போது முதலில் பார்த்த அந்த வீட்டுக்கே திரும்புவோம். அப்பா கேட்ட 'எவ்வளவு ஆகும்?' என்ற கேள்விக்கு, தம்பி ஆன்லைனில் விலை பார்த்து வைத்திருந்த கூலரைக் காட்ட வேண்டியதில்லை. முதலில் ஒரு டார்ச், ஒரு பிரஷ், ஒரு மாஸ்க். அப்புறம் பவர் லிமிட். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் ஒரு டியூப் பேஸ்ட், முன்பக்கம் ஒரு வலை, இரண்டு ஃபேன். இந்த வரிசையில் போனால், முழுக் கூலர் வாங்கும் கட்டத்துக்கு வருபவர்கள் ரொம்பக் குறைவாகவே இருப்பார்கள்.

தினமும் தறியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பஞ்சு தட்டி ஓட்டுகிற அப்பாவுக்கு இதில் புரியாதது எதுவும் இருக்காது. "மெஷினுன்னா அப்படித்தான் கண்ணு. வாங்குறது ஒரு நாள் வேலை, பாத்துக்கறதுதான் தினப்படி வேலை" என்று அவர் சொன்னால், அதுவே கார்டுக்கும் பொருந்தும்.